நெஞ்சு நோய்க்கு பெட் ஸ்கேன்: கொங்கு நாட்டுக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கோவையில் அணு மருத்துவப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகளாக ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். பல்லடம், தாராபுரம், நாமக்கல் என்று எங்கிருந்து வந்தாலும், பெட் ஸ்கேன் சீட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். கேட்கும்போதே பலருக்குக் குரல் உடைந்துவிடும். புற்றுநோய் இல்லாத நெஞ்சு நோய்களுக்கும் இந்த ஸ்கேன் தேவைப்படும் என்று அவர்களை உட்கார வைத்து யாரும் சொல்லியிருப்பதில்லை. காத்திருப்பு அறையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

அப்பாவுக்கு பெட் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் புற்றுநோய்தானா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். உடம்பின் எந்தப் பகுதி அதிகமாகச் சர்க்கரையைச் செலவழிக்கிறது என்பதைத்தான் இந்த ஸ்கேன் காட்டுகிறது. புற்றுநோய் அணுக்கள் சர்க்கரையை அள்ளித் தின்னும், அது உண்மை. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களும் அப்படியே தின்னும். காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து நிற்கும் அணுக்களும், காரணம் தெரியாமல் வீங்கிய நெறிக்கட்டியும், அழற்சி கண்ட ரத்தக்குழாய்ச் சுவரும் படத்தில் பளிச்சென்று தெரியும். புகை தெரிந்தால் அங்கே அடுப்பு எரிகிறது என்று சொல்லலாம்; அடுப்பில் என்ன வேகிறது என்று புகையை வைத்துச் சொல்ல முடியாது.

ஊசியில் ஏற்றுவது என்ன மருந்து?

அது நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. சர்க்கரை போலவே அமைந்த ஒரு பொருள், எஃப்.டி.ஜி. என்று சொல்வோம். அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு பொருத்தப்பட்டிருக்கும். உயிரணு அதைச் சர்க்கரை என்றே எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் முதல் படிக்கு மேல் அதை எரிக்க முடியாது. எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. எனவே எங்கே அதிகம் இழுக்கப்பட்டதோ அங்கேயே தங்கிவிடுகிறது. அங்கிருந்து வரும் கதிர்களைக் கருவி எண்ணிப் படமாக்குகிறது.

1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்தப் பொருளை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தியபோது அவர்கள் பார்க்க விரும்பியது மூளை சர்க்கரையைப் பயன்படுத்தும் விதத்தை. புற்றுநோய்க்கு இது பெயர் பெற்றது பிறகுதான். பெட் என்றாலே புற்று என்று நடுங்குகிறவர்களிடம் இதை நான் விடாமல் சொல்கிறேன்.

ஏன் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் வரச் சொல்கிறார்கள்?

ஃபுளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: கோவையில் புறப்படும்போது 100 பங்கு இருந்தால், மூன்று மணி நேரம் கழித்துச் சேலத்தில் இறக்கும்போது சுமார் 32 பங்குதான் மிஞ்சும். அதை வாங்கி வைத்து நாளைக்குப் பயன்படுத்த முடியாது. நீங்கள் பிந்தினால் உங்களுக்கென்று அளந்து வைத்தது கண்ணெதிரே கரையும். உங்களுக்குப் பின்னால் பட்டினியோடு காத்திருப்பவரும் தவிப்பார்.

சி.டி. ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இது வேறு எதற்கு?

சி.டி. வடிவத்தைக் காட்டும். பெட், அந்த வடிவத்துக்குள் இப்போது ஏதாவது நடக்கிறதா என்று காட்டும். இருபது வருடத்துக்கு முன்னால் வந்து ஆறிய நோயின் தழும்பும், இன்றைக்கு எரிந்துகொண்டிருக்கும் நோயும் சி.டி.யில் ஒரே மாதிரி தெரியக்கூடும். மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா, ஊசி போட்டுச் சதை எடுப்பதென்றால் எந்த இடத்தில் எடுப்பது என்ற கேள்விகளுக்கு அந்த வேறுபாடு தேவை. இப்போதைய கருவிகளில் இரண்டு படமும் ஒரே படுக்கையில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன.

புற்றுநோய் அல்லாத எந்த நெஞ்சு நோய்களுக்கு இது உண்மையிலேயே பயன்படுகிறது?

முதலில் சார்காய்டோசிஸ். நெஞ்சுக்கூட்டின் நடுவே நெறிக்கட்டிகள் வீங்கி, நுரையீரலிலும் சில வேளை இதயத்திலும் கண்ணிலும் தோலிலும் சிறு சிறு அழற்சி முடிச்சுகள் உண்டாகும் நோய் இது. காரணம் இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. பெட் ஸ்கேனை வைத்து மட்டும் இந்த நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் எந்த முடிச்சு உயிர்ப்போடு இருக்கிறது, எட்டுவதற்கு எளிதான கட்டி எது, கொடுத்த மருந்துக்கு நோய் அடங்கியிருக்கிறதா என்பதைக் காட்டுவதில் இதற்கு நிகரான படம் குறைவு. இதயத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். இதயத் துடிப்பின் மின்பாதையில் இந்த முடிச்சு உட்கார்ந்தால், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று மயங்கி விழலாம், உயிரும் போகலாம்.

அடுத்து, செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு வரும் கிருமித் தொற்று. உலோக வால்வின் நிழல் எக்கோ படத்தை மறைக்கும் இடத்தில் பெட் கைகொடுக்கும். 2015-இல் ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டுதல் இதைச் சேர்த்தது. இதயத்தில் இந்தத் தொற்று இருக்கிறதா என்று முடிவு செய்ய டாக்டர்கள் பயன்படுத்தும் டியூக் அளவுகோல் 2023-இல் திருத்தப்பட்டபோது அதிலும் இடம் பெற்றது. ஆனால் அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தால், புண் ஆறுவதே பளிச்சென்று தெரியும் என்பதால் படத்தைப் படிப்பவர் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டும்.

பெருந்தமனி அழற்சி மூன்றாவது. இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் டகாயாசு நோய் இந்த வகை. ஒரு கையில் நாடி கிடைக்காது, மாதக்கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போகும், எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாது. பெட் எடுத்தால் தமனியின் சுவர் முழுவதும் கோடு போட்டது போல் தெரியும். இதற்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே ஸ்கேன் எடுப்பது நல்லது. மருந்து சில நாட்கள் உள்ளே போய்விட்டால் தடயம் மங்கிவிடும்.

காசநோய்க்கு பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகில் புதிதாகக் காசநோய் காண்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். பெருந்துறை சானடோரியம் என்ற பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. நோயாளிகளைக் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்த காலத்தின் பெயர் அது. இன்று மாத்திரையால் குணமாகும் நோய். அதைக் கண்டுபிடிக்கச் சளிப் பரிசோதனைதான் வேண்டும்: நுண்ணோக்கியில் பார்ப்பது, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை, கிருமி வளர்ப்புப் பரிசோதனை. கிருமி மருந்துக்கு அடங்குமா என்பதையும் இவைதான் சொல்லும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஒரு டப்பா சளி சொல்லக்கூடிய செய்திக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கக் கூடாது.

சிக்கல் எதிர்த்திசையிலும் வருகிறது. வேறு எதற்கோ பெட் எடுக்கும்போது காசநோய் பளிச்சென்று தெரிந்து, புற்றுநோய் என்று பயமுறுத்திவிடும். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு கட்டி, நன்றாக ஒளிர்ந்தது. ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்திருந்தார். வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். சிகிச்சைச் செலவுக்காக மாட்டு ஜோடியை விற்கப் பேசி முடித்திருந்தார்கள். பேரன் மட்டும், “அப்பாருக்கு ஊசி போட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று விடாமல் கேட்டான். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். மறுவருடம் அறிக்கை வாங்க வந்தபோது வீட்டு மரத்துத் தேங்காய் இரண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அந்தப் பேரன் கேட்ட கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெட் காசநோய்க்கு உதவும் சில இடங்களும் உண்டு. சளியில் எதுவும் இல்லாமல், முதுகெலும்பிலோ வயிற்றுக்குள்ளோ எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று சந்தேகம் வரும்போது, எந்த இடத்தில் சதை எடுக்கலாம் என்று அது வழிகாட்டும்.

மாத்திரைக் கெடு முடிந்தது. இன்னும் ஸ்கேனில் புள்ளி தெரிகிறதே?

தென்னாப்பிரிக்காவில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சிகிச்சை முடித்துக் குணமானவர்களிலும் பலருக்கு நுரையீரலில் ஒளிரும் இடங்கள் மீதமிருந்தன. எனவே ஒரு புள்ளியை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. சளிப் பரிசோதனையும் உடல் எடையும் பசியும் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சார்காய்டா, டி.பி.யா என்று டாக்டர்களே குழம்புகிறார்களே?

அவர்கள் குழம்புவது நியாயமே. இரண்டும் ஒரே மாதிரி நெறி கட்டும், ஒரே மாதிரி ஒளிரும். நுண்ணோக்கியில் பார்த்தாலும் நெருங்கிய உறவுக்காரர்கள் போல இருக்கும். ஆனால் சிகிச்சை எதிர் எதிர். சார்காய்டுக்கு ஸ்டீராய்டு; காசநோய் இருப்பவருக்கு அதை மட்டும் கொடுத்தால் உடம்பின் எதிர்ப்பு அடங்கி, கிருமி பரவும். ஆகவே மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் குழாயைச் செலுத்தி ஊசியால் கட்டியிலிருந்து எடுக்கும் பரிசோதனையைச் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். எடுத்த சதையில் ஒரு பங்கு காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்கும் போகிறதா என்று கேளுங்கள். முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

நான் முப்பது வருடம் மில்லில் வேலை பார்த்தேன். என் தம்பி கல் குவாரியில். எங்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டுமா?

பஞ்சுத் தூசியால் வரும் நோய் மூச்சுக்குழாயை இறுக்குவது. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும். நாள் போகப் போகத் தளரும். இதை பெட் காட்டாது. ஊதிப் பார்க்கும் பரிசோதனையான ஸ்பைரோமெட்ரி காட்டும். உங்களுக்கு அது போதும்.

தம்பியின் நிலை வேறு. குவாரியிலும் கிரஷரிலும் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும். தழும்புகள் ஒன்றுசேர்ந்து பெரிய கட்டிகளாகும். அந்தக் கட்டிகளும் நெஞ்சு நடுவே உள்ள நெறிகளும் பெட்டில் ஒளிரும். படிப்பவருக்கு அவர் தொழில் தெரியாவிட்டால் புற்றுநோய் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. இன்னொரு பக்கம், சிலிக்கா தூசி நுரையீரல் புற்றுநோய்க்கும் காசநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும் என்பதும் உண்மை. ஆகையால் தூசிக் கட்டிதான் என்று அலட்சியமாகவும் விட முடியாது. பதிவு செய்யும் இடத்தில் ‘கூலி வேலை’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து விரித்துச் சொல்லுங்கள்: எந்தக் குவாரி வேலை, துளை போட்டவரா, லாரியில் ஏற்றியவரா, எத்தனை வருடம், முகத்தைத் துணியால் மூடியிருந்தாரா. நாமக்கல் கோழிப்பண்ணையில் வேலை செய்தவர்களும் இதைச் சொல்ல வேண்டும். பறவைகளின் இறகுத் தூசியும் எச்சமும் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையை உண்டாக்கும்.

ஆஸ்துமா, புகைப்பழக்கத்தால் வரும் இளைப்பு?

பெட் தேவையில்லை. ஊதும் பரிசோதனை செய்யுங்கள், பீடியை விடுங்கள்.

நுரையீரல் சுருங்கிப்போகும் தழும்பு நோய்?

தேன்கூடு போலத் துளைபட்ட பகுதிகளில் சர்க்கரை இழுப்பு அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தழும்பை உண்டாக்கும் அணுக்களையே நேராகத் தேடிப்போய் ஒட்டும் புதிய ஊசிப் பொருள்களும் ஆராய்ச்சியில் உள்ளன. அவற்றை மிகுந்த நம்பிக்கையோடு கவனித்து வருகிறேன். இன்றைய சிகிச்சைக்கு, மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி.யும் மூச்சுப் பரிசோதனையும்தான் அடிப்படை.

நுரையீரலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ‘வி.க்யூ. ஸ்கேன்’ எழுதியிருக்கிறார்கள். அதுவும் பெட்டா?

அது வேறு ஸ்கேன். எங்கள் பிரிவிலேயே எடுப்பது. டெக்னீசியம் என்ற தனிமத்தைப் புரதத் துகள்களில் ஏற்றி நரம்பில் செலுத்துவோம். அவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய்த் தங்கும். ரத்தம் போகாத இடம் படத்தில் வெற்றிடமாகத் தெரியும். மூச்சில் இழுக்கும் பொருளால் காற்றுப் போகும் இடத்தையும் படமெடுப்போம். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்றால் அங்கே அடைப்பு. துகள்கள் அடைத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மிக மிகச் சொற்பமான நுண்குழாய்களில்தான் அவை தங்கும். சில மணி நேரத்தில் கரைந்துபோகும்.

அவசரத்தில் பெரும்பாலும் சி.டி. ஆஞ்சியோதான் முதலில். சிறுநீரகம் பழுதானவர், சி.டி.க்குப் போடும் சாய மருந்து ஒத்துக்கொள்ளாதவர், கர்ப்பிணி ஆகியோருக்கு வி.க்யூ. நல்ல மாற்று. இன்னொரு இடத்தில் இதற்கு ஈடே இல்லை: ரத்தக்கட்டி வந்து, ரத்தம் இளக்கும் மருந்தை மூன்று மாதம் சாப்பிட்ட பிறகும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள். பழைய ரத்தக்கட்டிகள் கரையாமல் குழாய்ச் சுவரோடு ஒட்டி, நுரையீரல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டிருக்கலாம். அறுவை சிகிச்சையால் சீராக்கக்கூடிய நோய் இது. ‘வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

எப்படித் தயாராக வேண்டும்?

சாதாரண பெட் ஸ்கேனுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி, இளநீர் கூடாது. முந்தைய நாள் வரப்பு வெட்டுவது, மூட்டை தூக்குவது வேண்டாம். உழைத்த தசையெல்லாம் ஒளிரும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசை ஒளிரும். வெற்றிலை மென்றால் தாடை ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்திலும் முதுகெலும்பு ஓரத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து, நெறிக்கட்டி போல ஏமாற்றும். அதனால் ஊட்டிப் பக்கமிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறவர்களை ஸ்வெட்டரைக் கழற்றாமல் வரச் சொல்வேன்.

சர்க்கரை நோயாளிகள் முன்னரே போன் செய்து மருந்து, இன்சுலின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நாள் மாற்றப்படும்.

இதயத்துக்கான ஸ்கேன் என்றால் விதி தலைகீழ். இதயத் தசை இயல்பாகவே சர்க்கரையைத் தின்னும். அதைக் கொழுப்புக்குப் பழக்கினால்தான் நோயுள்ள இடம் தனித்துத் தெரியும். முந்தைய நாள் அரிசி, ராகிக்களி, கம்மஞ்சோறு, பருப்பு, பால், பழம், கருப்பட்டி எதுவும் ஆகாது. முட்டை, எண்ணெயில் வறுத்த கறி, நெய் ஆகியவை ஆகும். பிறகு நீண்ட பட்டினி. இருமல் டானிக்கில் இருக்கும் சர்க்கரைகூடப் படத்தைக் கெடுத்துவிடும். கறி சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினி நேரத்தை நீட்டி வேறு வழி செய்வார்கள். பசியால் தவிக்கும் பெரியவர் மேல் இரக்கப்பட்டு விடிகாலையில் ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டு, அழுதபடி திரும்பிப்போன மருமகளைப் பார்த்திருக்கிறேன். அவர் மேல் தவறில்லை. ஏன் கூடாது என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை.

கதிர்வீச்சு எவ்வளவு? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஊசியிலிருந்து மட்டும் சுமார் 7 மில்லிசீவர்ட். சேர்த்து எடுக்கும் சி.டி.யைப் பொறுத்து மொத்தம் கூடும். இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேவையிருந்தால் தயங்க வேண்டிய அளவு இல்லை. தேவையில்லாமல் மாதாமாதம் எடுத்துக்கொள்ளவும் கூடாது. வி.க்யூ. ஸ்கேனில் இது கணிசமாகக் குறைவு. அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். சில மணி நேரம் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸைத் தனியாக அழைத்துச் சொல்லலாம்.

அறிக்கையில் ‘எஸ்.யூ.வி. 6’ என்று இருக்கிறது. இணையத்தில் 2.5-க்கு மேல் என்றால் புற்று என்கிறார்களே?

எஸ்.யூ.வி. என்பது ஓர் இடம் ஊசிப் பொருளை எவ்வளவு இழுத்திருக்கிறது என்று சொல்லும் எண். அந்த 2.5 கணக்கு காசநோய் அதிகம் உள்ள நம் ஊருக்கு உதவாது. காசநோய்க் கட்டி ஒன்று 10-ஐயும் தாண்டும். மெதுவாக வளரும் சில புற்றுகள் 2-க்குள் அடங்கிவிடும். 8 மி.மீட்டருக்குக் குறைந்த சிறு முடிச்சுகளில் எண்ணையே நம்ப முடியாது. அந்த எண் உங்கள் எடை, ரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் படத்துக்கும் இடையே உள்ள நேரம் ஆகியவற்றாலும் மாறும். ஒரே ஆளின் முந்தைய ஸ்கேனோடு, அதே மாதிரி எடுத்த ஸ்கேனை ஒப்பிடும்போது அதற்கு மதிப்பு அதிகம்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய படங்கள் எல்லாவற்றையும். பத்து வருடத்துக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே, பரண்மேல் மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்தாலும் தேடி எடுத்து வாருங்கள். அதே இடத்தில் அதே அளவில் அன்றைக்கும் ஒரு புள்ளி இருந்தது என்று தெரிந்தால், உங்கள் கவலையில் பாதி அந்த மேசையிலேயே இறங்கிவிடும். அண்மையில் போட்ட தடுப்பூசியின் தேதி, எந்தக் கையில் போட்டார்கள் என்பது, முன்பு காசநோய் மாத்திரை சாப்பிட்ட வருடம், இப்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு ஆகியவையும் வேண்டும். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்: “புள்ளி தெரிந்தால் என்ன செய்வீர்கள், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் ஒரே பதில் என்றால், ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டுமா என்று அவரிடமே தயங்காமல் கேளுங்கள்.